விவாத இழை: நாற்றுக்கு ஜிபரெலிக் அமிலம் – உயரம் கூடினால் மருந்துக் குணமும் கூடுமா?

கல்லடி நாத்துமேடை

வணக்கம் எல்லாருக்கும். கார்த்திகை மழைக்கு நடக்கூடிய மாதிரி நெல்லி, கடுக்காய், வில்வம், சந்தனம் நாலும் போடப் போறம். ஜிபரெலிக் அமிலம் எண்ட வளர்ச்சி ஓமோன்ர 90 வீதத் தூள் 5 கிராம் கையில கிடக்கு. எந்த வித்துக்கு எவ்வளவு? முளைச்சாப் பிறகு மாசத்துக்கு ஒருக்கா இலைக்கும் அடிச்சால் கெதியா வளருமா? "ஓமோன் பட்ட மரத்தில மருந்துக் குணம் குறையும்" எண்டு வைத்தியர்மார் சொல்றதில உண்மை இருக்கா? இடம் கடற்கரைப் பக்க மணல், கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர்.

விதைப்பெட்டி (சம்மாந்துறை)

தம்பி, நாலு மரத்துக்கும் ஒரே மருந்து எண்டு நினைச்சா அங்கதான் முதல் பிழை. வித்து ஏன் முளைக்காம கிடக்கு எண்டதைப் பார்த்துத்தான் ஓமோன்.

வில்வத்துக்கு ஒண்டும் தேவையில்ல. அதுக்கு உறக்கநிலை இல்ல. பழத்தை உடைச்சு, வித்தைச் சுத்தி இருக்கிற பசையைச் சாம்பலோ மணலோ போட்டுத் தேய்ச்சுக் கழுவி, புதுசாவே நட்டிரணும். 2, 3 கிழமையில முளைக்கும். பசையோட நட்டா பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் தூக்கும். வேம்பும் அப்படித்தான்: பழம் விழுந்து 2 கிழமைக்குள்ள போட்டா ஓமோன் இல்லாமலே வரும். பிந்தினா எந்த அமிலத்தில ஊறப் போட்டாலும் செத்த வித்து எழும்பாது.

கடுக்காய் வேற கதை. தடை ஓட்டில இருக்கு. கொட்டை அவ்வளவு கெட்டி, உள்ளுக்குத் தண்ணியே போகாது. முழுக் கொட்டையை ஜிபரெலிக் அமிலத்தில ஊறப் போடுறது காசைத் தண்ணியில கரைக்கிற வேலை. சதையை நீக்கிக் காய வைங்க. மறுகா அகன்ற முனையில மட்டும் செடி வெட்டுற கத்தரியால ஒரு சின்ன வாய் திறக்கணும். உள்ள இருக்கிற முளையம் வெட்டுப்படக் கூடாது. பச்சத் தண்ணியில 36 மணித்தியாலம் ஊற வச்சு நடுங்க. தண்ணியை 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தாட்டி புளிச்ச வாசம் வரும், முளையம் அழுகிரும்.

நெல்லிக்குத்தான் ஜிபரெலிக் அமிலம் வேலை செய்யும். முத்தின பழத்தை வெயில்ல காய விட்டா கொட்டை தானா வெடிக்கும், 6 வித்து வரை இருக்கும். தண்ணியில போட்டு மிதக்கிறதை எறிஞ்சிட்டு, தாழ்றதை மட்டும் 500 பிபிஎம்மில 24 மணித்தியாலம். 1 செ.மீ. ஆழத்துக்கு மேல போடாதீங்க.

சந்தனமும் 500 பிபிஎம்தான், ஆனா 16 மணித்தியாலம், ஒரு இராப் பொழுது. ஊற வைக்காட்டி ரெண்டு மாசம் போல உறங்கும். 4 தொடக்கம் 6 இலை வந்ததும் பைக்கு மாத்தி, அதே பையில ஒரு துவரையும் வைங்க. சந்தனம் ஒட்டுண்ணி வேர் போடுற மரம். ஆதார செடி இல்லாட்டி ஓமோன் எழுப்பின நாற்று கொஞ்ச மாசத்தில மஞ்சளாகி நிண்டிரும், பழி ஓமோனுக்குப் போகும். துவரை சந்தனத்துக்கு மேல நிழல் போட விடாம நுனியைக் கிள்ளிக்கிட்டே இருக்கணும்.

பிப்பெற்று

விதைப்பெட்டி நானா சொன்ன 500 பிபிஎம் என்றால் லீற்றருக்கு 500 மில்லிகிராம் செயற்படு பொருள். உங்கள் தூள் 90 வீதம் என்பதால் 500 ÷ 0.9 = 556 மில்லிகிராம் நிறுக்க வேண்டும். 5 கிராமில் 9 லீற்றர் வரும். வித்தின் கனவளவைப் போல் இரண்டு மடங்கு கரைசல் போதும், அரை லீற்றரில் ஏராளமான நெல்லி வித்து ஊறும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கரைக்காதீர்கள்.

கரைக்கிற ஒழுங்கு முக்கியம். தூளை நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும், பாதி அடியில் தங்கும். முதலில் 5 தொடக்கம் 10 மில்லிலீற்றர் எதனோலில் முழுக்கக் கரைத்து, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே அதற்குள் அதை மெல்ல ஊற்ற வேண்டும். சோடியம் ஐதரொட்சைட்டில் கரைக்கும் பழக்கமும் உண்டு. ஆனால் கார ஊடகத்தில் ஜிபரெலிக் அமிலம் சிதையும் என்பதால் அற்ககோல் வழிதான் பாதுகாப்பு. 1 கிராமுக்குக் கீழே நிறுக்கும் தராசு இல்லாதவர்கள் தேக்கரண்டி அளவில் இறங்க வேண்டாம். நகைக்கடையில் நிறுத்துத் தரச் சொல்லலாம், 0.01 கிராம் காட்டும் தராசு அங்கே இருக்கும்.

தண்ணீர்: உங்கள் கிணறு வேண்டாம். கடற்கரைக் கிணறு பெரும்பாலும் காரப் பக்கம், உப்பும் உண்டு. மாரியில் பீப்பாவில் பிடித்த மழைத்தண்ணீர், அல்லது சுத்திகரித்த குடிதண்ணீர். கரைத்த அன்றே பாவித்து முடியுங்கள். வெயிலில் வைத்த கரைசல் நாளுக்கு நாள் வலுக் குறையும். தூளை மூடி, ஈரம் இழுக்கும் சிலிக்காப் பொட்டலத்தோடு குளிர்சாதனப் பெட்டியில். குடிதண்ணீர்ப் போத்தலில் கரைசலை ஊற்றி வைக்கவே கூடாது.

வாகரைக் காத்து

இவ்வளவு செலவழிக்காம இளநீரில ஊற வச்சால் என்ன? அதிலயும் ஓமோன் இருக்காம்தானே.

பிப்பெற்று

இருக்கிறது, ஆனால் அது வேறு ஓமோன். இளநீரில் முக்கியமானது சைற்றோகைனின். 1941 இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தை முளையங்களைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்த ஊடகத்தில் வளர்த்தார்கள். இழைய வளர்ப்பில் இன்றும் 5 தொடக்கம் 20 வீதம் சேர்க்கிறார்கள். சைற்றோகைனின் கலப்பிரிவைத் தூண்டும், பக்க அரும்பை எழுப்பும், இலை மஞ்சளாவதைப் பிந்தப் பண்ணும். நெல்லி வித்தின் உறக்கத்தை உடைக்கத் தேவைப்படுவது ஜிபரெலின், அதாவது ஜிபரெலிக் அமிலம் சேர்ந்த ஓமோன் வகை. ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது.

இளநீரில் சீனியும் உண்டு. ஊறிய வித்தைக் கழுவாமல் நட்டால் நாற்றழுகல் நோய்க்கு விருந்து வைத்த மாதிரி. காய்க்குக் காய், முற்றலுக்கு முற்றல் அளவு மாறுவதால் ஒரு தடவை கிடைத்த பலன் மறுதடவை கிடைக்காது. முளைத்த நாற்றுக்கு அடிக்க விரும்பினால் முருங்கை இலைச் சாற்றை 1க்கு 30 தண்ணீரில் கலந்து அன்றே அடிக்கலாம். அதிலும் சைற்றோகைனின்தான் வேலை செய்கிறது.

நிழல்வலை (அக்கரைப்பற்று)

இரண்டாவது கேள்விக்கு வருவம்: முளைச்ச நாற்றுக்கு மாசாமாசம் ஜிபரெலிக் அமிலம். வேண்டாம்.

நெல்லுச் செய்றவங்களுக்கு இது லேசா விளங்கும். ஜிபரெலின் கண்டுபிடிபட்டதே நெல் நோயில இருந்துதான். ஒரு பூஞ்சணம் பிடிச்ச நாற்று மற்றதை விட நெடுத்து, வெளிறி, மெலிஞ்சு சாயும். 1926 இல குறொசாவா எண்ட ஜப்பானியர் அந்தப் பூஞ்சணம் விடுற பொருள்தான் காரணம் எண்டு காட்டினார். 1935 இல யபுத்தா அதுக்கு ஜிபரெலின் எண்டு பேர் வச்சார். வளர்ச்சி ஓமோன் எண்டு கடையில விக்கிறது ஆரம்பத்தில ஒரு நோயின்ர நஞ்சு. அளவு தப்பினா உங்கட நெல்லி நாற்றும் அதே கோலத்தில நிக்கும்.

50 தொடக்கம் 100 பிபிஎம் இலைக்கு அடிச்சால் கணுவிடை நீளும், தண்டு நெடுக்கும். வேர் அதே அளவுக்குக் கூடாது. இலையில பச்சையம் ஐதாகும், மஞ்சள் எண்டு நினைச்சு யூரியா போடுவாங்க, இன்னும் மெலியும். பையில நிக்கும் வரைக்கும் வடிவாத்தான் இருக்கும். நட்ட பிறகு மாரி முடிஞ்சு, வைகாசி ஆனிக் கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா இலை இழக்கிற தண்ணியை அந்த வேரால குடுக்க ஏலாது. நுனி கருகும், தண்டு சாயும்.

உயரத்தை மட்டும் பார்த்து நாற்று வாங்காதீங்க. உயரத்தைச் சென்ரிமீற்றரில, கழுத்துத் தடிப்பை (மண்மட்டத்தில தண்டின்ர தடிப்பு) மில்லிமீற்றரில அளந்து வகுங்க. 27 செ.மீ. உயரம், 5 மி.மீ. தடிப்பு எண்டா 5.4, நல்ல நாற்று. 36 செ.மீ., 4 மி.மீ. எண்டா 9, காத்துக்கு நிக்காது. 6க்குக் கீழ இருக்கிறதே நடுகைக்கு.

ஏற்கெனவே நெடுத்துப் போச்செண்டா: அடிக்கிறதை நிறுத்துங்க, தழைச்சத்தைக் குறையுங்க, நிழல் வலையைப் படிப்படியா எடுங்க, தண்ணி விடுற இடைவெளியைக் கூட்டுங்க. 4 தொடக்கம் 6 கிழமை இப்பிடி இறுக்கணும். நெடுத்ததைக் கட்டையாக்க பக்ளோபியூட்ரசோல் ஊத்தச் சொல்லுவாங்க சிலர். அது ஜிபரெலின் உண்டாகிறதையே தடுக்கிற மருந்து, மண்ணில நெடுநாள் கிடக்கும். மருந்து மர நாற்றுக்கு அதைக் கிட்டவும் கொண்டு வராதீங்க.

பொத்துவில் பச்சை

மூணாவது கேள்விதான் எனக்கும் வேணும். வைத்தியர்மார் சொல்றது மூடநம்பிக்கையா, விஞ்ஞானமா?

பிப்பெற்று

பாதிக்கு மேல் விஞ்ஞானம். கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மரத்தின் மருந்துப் பொருட்கள், அதாவது வேம்பின் லிமொனொயிட்டு, கடுக்காயின் செபுலாஜிக் அமிலம், சந்தனத்தின் சந்தலோல் எல்லாம் துணை அனுசேபப் பொருட்கள். மரம் உயிர் வாழவும் வளரவும் நேரடியாக இவை தேவையில்லை. பூச்சி, பூஞ்சணம், வெயில், காயம் ஆகியவற்றுக்கு எதிரான தற்காப்பு. வளர்வதற்கும் தற்காப்புக்கும் ஒரே காபன்தான். எங்கே செலவழிப்பது என்ற முடிவில் ஓமோன்களுக்குப் பங்குண்டு.

பொறிமுறை நன்றாகத் துலங்கியது அரபிடோப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறு செடியில். டெல்லா என்ற புரதங்கள் வளர்ச்சிக்குக் கட்டை. ஜாஸ் என்ற புரதங்கள் தற்காப்புக்குக் கட்டை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஜிபரெலின் வந்தால் டெல்லா அழிகிறது; வளர்ச்சி ஓடுகிறது, பிடியிலிருந்து விடுபட்ட ஜாஸ் தற்காப்பை அமுக்குகிறது. ஜாஸ்மோனேற்று என்ற தற்காப்பு ஓமோன் வந்தால் ஜாஸ் அழிகிறது. தற்காப்பு எழும்புகிறது, விடுபட்ட டெல்லா வளர்ச்சியை அமுக்குகிறது. உயரமும் மருந்தும் ஒரே தராசின் இரண்டு தட்டு என்பதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் விதிவிலக்கு இல்லாத விதி அல்ல. மலேரியா மருந்து எடுக்கும் ஆர்ட்டிமீசியா அனுவாவில் ஜிபரெலிக் அமிலம் தெளித்தபோது ஆர்ட்டிமிசினின் கூடியதாகவே ஆய்வுகள் உண்டு. "ஓமோன் என்றாலே குறையும்" என்பதும் பிழை, "கூடும்" என்பதும் பிழை.

இன்னொன்று, செறிவையும் மொத்தத்தையும் குழப்பாதீர்கள். கணக்குக்காக ஒரு எடுகோள்: ஓமோன் இல்லாத நாற்றில் உலர் இலை 5 கிராம், துவர்ப்புத் தரும் பீனோல் கிராமுக்கு 50 மில்லிகிராம்; மொத்தம் 250. ஜிபரெலிக் அமிலம் பட்டதில் 8 கிராம் இலை, 40 மில்லிகிராம், மொத்தம் 320. ஜாஸ்மோனேற்று பட்டதில் 3.5 கிராம், 70 மில்லிகிராம், மொத்தம் 245. கசாயத்துக்கு ஒரு பிடி அள்ளும் வைத்தியருக்கு நடுவில் உள்ளது வீரியம் குறைந்த இலை. சொந்த நாற்றின் இலை முழுவதையும் பறித்துச் சாறு இறக்கும் ஆளுக்கு அதுவே இலாபம். இருவரும் சொல்வது சரி.

நிழல்வலை (அக்கரைப்பற்று)

நல்லா எழுதினீங்க மிஸ், ஆனா ஒரு இடத்தில எனக்கு உடன்பாடில்ல. இது இலையைப் பறிச்சு விக்கிற செடிக்குச் சரி. நாம பேசுறது மரம். மருதில எடுக்கிறது பட்டை, சந்தனத்தில வைரம், கடுக்காயில காய், வேம்பில வித்துப் பருப்பு. சந்தன வைரம் பத்து வருஷத்துக்கு மேல ஆகித்தான் பதம் வரும். ஆறு மாச நாற்றுக்கு அடிச்ச ஓமோன் அதுவரைக்கும் எப்பிடி நிக்கும்? வித்தை ஊறப் போட்டதால பிற்காலத்து மருந்துக் குணம் குறையும் எண்டு ஆரும் பயப்படத் தேவையில்ல. நாற்று நல்லா வேர் பிடிக்குதா இல்லையா எண்டதுதான் கேள்வி.

பிப்பெற்று

அதை ஏற்றுக்கொள்கிறேன். வித்துக்கு ஊறவைத்த ஜிபரெலிக் அமிலம் நாற்றுப் பருவத்துக்குள்ளேயே செலவழிந்துவிடும். நான் சொன்னது இலைக்குப் பொருந்தும்: வில்வ இலை, வேப்பங்கொழுந்து, நொச்சி மாதிரி அடித்துச் சில நாளில் பறிப்பவைக்கு. பட்டை, வைரத்தைப் பொறுத்தவரை நாற்றில் ஜாஸ்மோனேற்று தெளிப்பது வீண் செலவு.

அகில் மட்டும் வேறு வகை. காயமும் பூஞ்சணமும் பட்ட இடத்தில்தான் அந்தப் பிசின் ஊறும், காயச் செய்தியைக் கடத்துவதில் ஜாஸ்மோனேற்றுக்குப் பங்குண்டு. அங்கேயும் வேலை நடப்பது வளர்ந்த தண்டில், நாற்றில் அல்ல. அகில் தரும் நம் இலங்கை வல்லப்பட்டை ஈர வலயத்து மரம், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் பட்டியலிலும் உள்ளது; எங்கள் மணலில் அதை முயல வேண்டாம்.

பொத்துவில் பச்சை

இலைக்கு எண்டா மெதைல் ஜாஸ்மோனேற்று எவ்வளவு? 100 மைக்ரோமோலர் எண்டு வாசிச்சன், அது என்ன கணக்கு எண்டே விளங்கல்ல.

பிப்பெற்று

அதன் மூலக்கூற்று நிறை 224. 100 மைக்ரோமோலர் என்றால் லீற்றருக்கு 22.4 மில்லிகிராம், திரவமாக வருவதால் ஏறத்தாழ 22 மைக்ரோலீற்றர். நுண்பிப்பெற்று இல்லாமல் அளக்க முடியாது. அளக்க வழியில்லை என்றால் செய்ய வேண்டாம். 1 மில்லிலீற்றர் எதனோலில் கரைத்து, இலையில் பரவி ஒட்டவைக்கும் ருவீன் 20 இல் 0.5 மில்லிலீற்றர் சேர்த்து, 1 லீற்றராக்கி, வெயில் சாய்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனைய அடிக்கவும். இந்த 100 மைக்ரோமோலர் 1996 இல் டாக்சஸ் மரத்தின் கல வளர்ப்பில் பக்ளிடக்சோல் என்ற புற்றுநோய் மருந்தைக் கூட்டப் பாவித்த அளவு. குடுவையில் மிதக்கும் கலம் வேறு, காற்றில் நிற்கும் நாற்று வேறு. அதே பலனை எதிர்பார்க்காதீர்கள், 25, 50, 100 என்று ஏற்றிப் பாருங்கள். கூடினால் இலை ஓரம் கருகி, பழுத்து உதிரும்.

எல்லாரும் சறுக்கும் இடம் இது: மெதைல் ஜாஸ்மோனேற்று ஆவியாகும். பக்கத்துச் செடியும் அதை உணரும். 1990 இல் ஃபார்மரும் ரையனும் மூடிய அறையில் அந்த ஆவி பட்ட தக்காளியே தற்காப்புப் புரதம் உண்டாக்குவதைக் காட்டினார்கள். அடித்த பையும் அடிக்காத பையும் ஒரே வலைக்குள் அருகருகே நின்றால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய், "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டுவீர்கள். கட்டுப்பாட்டுப் பைகளைக் காற்று வரும் பக்கத்தில், தள்ளி வையுங்கள்.

மலிவாகத் தொடங்க சலிசிலிக் அமிலம் நல்லது: 0.5 மில்லிமோலர், லீற்றருக்கு 69 மில்லிகிராம், முதலில் அற்ககோலில் கரைத்து. ஆவியாகிப் பக்கத்துப் பைக்குப் போகும் தொல்லை இல்லை. எதுவானாலும் ஏற்றம் நிரந்தரம் அல்ல. 1, 3, 7, 14 ஆம் நாட்களில் இலை எடுத்துப் பார்த்தால்தான் எப்போது பறிப்பது என்று தெரியும்.

விதைப்பெட்டி (சம்மாந்துறை)

ஒரு வார்த்தை. இவ்வளவு காசு செலவழிக்க முதல் நிழலையும் உரத்தையும் பாருங்க. யூரியா கூடினா பெரும்பாலும் துவர்ப்பு குறையும், 75 வீத நிழலுக்குள்ள வளர்ந்த இலையும் அப்பிடித்தான். வெயிலும் அளவான காய்ச்சலும் ஓமோன் வாங்காமலே இலையைத் துவர்க்கப் பண்ணும். கிணத்து உவரும் மரத்துக்கு ஒரு அடிதான், அப்சிசிக் அமிலம் எண்ட மரத்தின்ர சொந்த ஓமோனைக் கூட்டி இலைவாயை மூட வைக்கும். உவர்த் தண்ணி ஊத்தின பையில துவர்ப்பு கூடினா அதை ஓமோன்ர கணக்கில எழுதிராதீங்க.

கல்லடி நாத்துமேடை

கூடினதா குறைஞ்சதா எண்டு எப்பிடிப் பார்க்கிறது? நாக்கில வச்சா?

பிப்பெற்று

நாக்குக்கு அடுத்தபடி பெரிக் குளோரைட்டு: கடுக்காய், நெல்லி மாதிரி நீர்ப்பகுப்படையும் தனின் (துவர்ப்புப் பொருள்) உள்ள சாறு கருநீலமாகும், ஒடுங்கிய தனின் கரும்பச்சை காட்டும். நிறத்தின் ஆழத்தை வைத்து ஒப்பிடலாம், எண் சொல்ல முடியாது. எண் வேண்டுமானால் மொத்தப் பீனோலை அளக்கும் ஃபோலின் சோதனை, காலிக் அமிலத்தை நியமமாக வைத்து 765 நனோமீற்றர் ஒளி உறிஞ்சலில். நெல்லிக்கு ஒரு பொறி உண்டு: விற்றமின் சியும் அந்தச் சோதனைப் பொருளோடு தாக்கமுறும். அதைக் கழிக்காமல் வாசித்தால் பீனோல் இருப்பதைவிடக் கூடக் காட்டும். இலையை 40 பாகைக்கு மேல் காய வைக்காமல், ஒரே கணு இலையை, ஒரே நேரத்தில் பறித்து, உலர் நிறைக்குக் கணக்கிடுங்கள். பச்சை நிறைக்குக் கணக்கிட்டால் தண்ணீர் விட்ட நாளும் விடாத நாளும் வேறு வேறு விடை தரும்.

வாகரைக் காத்து

தடி வெட்டி வைக்கிறதுக்கு வேர் பிடிக்கிற ஓமோன் ஐபிஏ எவ்வளவு? நொச்சி லேசா பிடிக்குது, நெல்லி பிடிக்கல்ல.

நிழல்வலை (அக்கரைப்பற்று)

நொச்சிக்கு ஓமோனே தேவையில்ல. நெல்லிக்கு 3000 பிபிஎம்: ஐபிஏ 0.3 கிராமை 50 மில்லிலீற்றர் எதனோலில கரைச்சு, பிறகு 50 மில்லிலீற்றர் தண்ணி மெதுவா. அடி 1 செ.மீ. மட்டும் 5 செக்கன் முக்கி, அற்ககோல் பறக்க விட்டு, மணலும் தும்புச்சோறும் பாதிக்குப் பாதி கலந்ததில குத்துங்க. பென்சில் தடிப்பு, அரை முத்தல், 15 செ.மீ. தடியை இளம் மரத்தில இருந்து எடுக்கணும். வயசான மரத்துத் தடி எவ்வளவு ஓமோன் வச்சாலும் அடம் பிடிக்கும். அடி கறுத்து, அரும்பும் எழும்பாம நிண்டா அளவு கூடிப் போச்சு: மிஞ்சின ஒட்சின் (ஐபிஏ சேர்ந்த ஓமோன் வகை) எதிலீன் எண்ட இன்னொரு ஓமோனைக் கூட்டிவிடும். முக்கின மிச்சத்தை மூலப் போத்தலுக்குள்ள திருப்பி ஊத்தாதீங்க. மறுகா, நெல்லிக்குப் பழம்தான் குறி எண்டா தடியோட மல்லுக்கட்டாம வித்து நாற்றில நல்ல இன அரும்பை ஒட்டுங்க.

கல்லடி நாத்துமேடை

விளங்கிச்சு. அப்ப நெல்லி, சந்தன வித்துக்கு மட்டும் ஊறல், இலைக்கு ஒண்டும் இல்ல. ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்ச வித்தைச் சும்மா தண்ணியில ஊற வைக்கிறன்.

பிப்பெற்று

சும்மா தண்ணீரில் மட்டும் வேண்டாம். அதே மழைத்தண்ணீர், அதே அளவு எதனோல், அதே நேரம், ஜிபரெலிக் அமிலம் மட்டும் இல்லாமல். எதனோலும் வித்தின் முளைத்தலைத் தொடக்கூடியது. ஒவ்வொரு பக்கமும் 50 வித்துப்படி மூன்று தட்டு. தட்டுகளைக் கலந்து அடுக்கி, வேர் 2 மி.மீ. வெளியே வந்ததை மட்டும் முளைத்ததாக எண்ணுங்கள்.

விதைப்பெட்டி (சம்மாந்துறை)

தட்டில பேரை மார்க்கர் பேனையால எழுதாதீங்க தம்பி, ஒரு மாசத்தில வெயில் அழிச்சிரும். ஒரு பேர்த் துண்டில பென்சிலால எழுதி அதை மண்ணுக்குள்ள பாதி புதைங்க.